ஒட்டுத் தெரியாத குடும்பப் படம்

கொத்தங்குறிச்சிக் கடைத்தெருவில் அறிவுக்கு என்றுமே குறைவு ஏற்பட்டதில்லை. எடுத்துச் செலவழித்தால்தானே குறையும். அந்தத் தெருவிலும் அதை மிகச் சிக்கனமாகக் கையாண்ட இடம் ஒன்றைக் காட்டச் சொன்னால், பேருந்து நிறுத்தத்தை அடுத்த 'திருமுகம் ஸ்டூடியோ'வைத்தான் காட்ட வேண்டும்.

ஸ்டூடியோவின் உரிமையாளர் திருமேனிக்கு அறுபத்தொரு வயது. அவரிடம் மூவர் வேலை பார்த்தனர். கம்ப்யூட்டரைக் கவனித்தவர் உலகநாதன்; படம் ஒட்டும் கலையைக் கைபேசியில் ஒரு பாட வீடியோவின் முதல் பாதியைப் பார்த்து முழுமையாகக் கற்றவர். படங்களுக்குச் சட்டம் போட்டவர் பக்கிரிசாமி. எந்தச் சிக்கலையும் பசையால் தீர்க்கலாம் என்ற நம்பிக்கை உடையவர். விளக்குப் பிடித்தவர் கலியமூர்த்தி. சந்தேகம் கேட்கும் பொறுப்பையும் அவரே ஏற்றிருந்தார்.

ஸ்டூடியோவின் முதன்மையான தொழில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடிப்பது. ஒரு சந்தன மாலையும் ஒரு குத்துவிளக்கும் கம்ப்யூட்டரில் எப்போதும் தயாராக இருந்தன. முகம் மட்டும் அவ்வப்போது வரும். இருபது ஆண்டுகளில் படத்தில் இருப்பவர் ஒருவர்கூட வந்து குறை சொன்னதில்லை என்பது திருமேனியின் நியாயமான பெருமை.

அந்தப் பெருமைக்கு ஒரே ஒரு களங்கம் இருந்தது. அது ஒரு திங்கட்கிழமைக் காலையில், சட்டமிட்ட பழைய படம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, பொற்கொடி என்னும் பெயரில் படியேறி வந்தது.

படத்தைத் திருமேனி பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டார். இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் பொற்கொடியின் கல்யாணத்தில் அவரே எடுத்த குடும்பப் படம். மணமகளாகப் பொற்கொடி, பக்கத்தில் மாப்பிள்ளை, மறுபக்கம் மாமனார் அய்யாக்கண்ணு, இன்னும் ஐந்து சொந்தக்காரர்கள், ஆக எட்டுப் பேர். இடது ஓரத்தில் ஒரு வெள்ளைக் குடையின் கம்பியும், அதைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரலும் தெரிந்தன.

அந்தக் கட்டைவிரல் மணமகளின் அண்ணன் தனுஷ்கோடியுடையது. எல்லோரையும் வரிசையாக நிறுத்திவிட்டுத் திருமேனி அன்று சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, நீங்க மட்டும் இந்த வெளிச்சக் குடையைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க." தனுஷ்கோடி பிடித்தார். பன்னிரண்டு படங்கள் எடுத்து முடியும்வரை அசையாமல் பிடித்தார். ஒரு மாதம் கழித்து ஆல்பம் வந்தபோது, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தம்மைத் தேடி, தம் கட்டைவிரலைக் கண்டெடுத்தார். அன்று தங்கை வீட்டுப் படியிறங்கியவர் பிறகு ஏறவில்லை. பொற்கொடியின் மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் சீர் பேருந்துப் பார்சலில் வந்தது. தாய்மாமன் மடி வரவில்லை.

"அவர் படத்துல இல்லேன்னு யார் சொன்னது? அந்தக் கட்டைவிரல் என்ன, என்னோடதா?" என்று திருமேனி இருபத்துமூன்று ஆண்டுகளாக வாதாடி வந்தார். ஆனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவருக்குத் தனுஷ்கோடியின் வீட்டைச் சுற்றிக்கொண்டு போகத்தான் தோன்றியது.

"ஐயா, வர்ற திங்கட்கிழமை என் பொண்ணு இளவேனிலுக்குக் கல்யாணம். எங்கண்ணன் சொல்லியனுப்பியிருக்கு" என்றாள் பொற்கொடி. "மண்டப வாசல்ல இந்தப் படத்தைப் பெரிசா பேனர் அடிச்சு வைக்கணுமாம். அதுல எம் பக்கத்துல அது நிக்கணுமாம். தெருவுல நின்னு பார்க்குமாம். இருந்தா உள்ளே வரும். இல்லேன்னா வந்த வண்டியிலேயே திரும்பிடும்."

"தாய்மாமன் இல்லாம எப்படிம்மா?"

"அதைத்தானே நானும் கேக்குறேன். மாமன் மாலை போடாம எம்பொண்ணு எப்படி மணவறைக்கு வரும்? பிரிச்சது நீங்க. நீங்களே சேர்த்துக் குடுங்க."

திருமேனி தலையை ஆட்டினார். பொற்கொடி தன் கைபேசியில் இருந்த அண்ணனின் படத்தைக் காட்டினாள். வயல் வரப்பில், புதிதாக வாங்கிய மோட்டார் பம்பின்மேல் ஒரு கையை வைத்து, தனுஷ்கோடி நின்றுகொண்டிருந்தார். பம்பிலிருந்து தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

"மூணே விஷயந்தான், நல்லாக் கேட்டுக்குங்க. யாரையும் வெட்டிடாதீங்க. அன்னைக்கே அங்கே நின்ன மாதிரி இருக்கணும். முக்கியமா, ஒட்டுத் தெரியவே கூடாது."

கலியமூர்த்தி மூன்றையும் சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் எழுதினார். எழுதியதை நால்வரும் ஒருமுறை உரக்கப் படித்தனர். பிழை இல்லை.

பொற்கொடி போனதும் உலகநாதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாடத்துல சொன்னாங்க முதலாளி. படத்தை அடுக்கடுக்கா வைக்கணும். மேல் அடுக்கு தெரியும், கீழ் அடுக்கு மறையும்."

"அப்ப மேல யாரை வைக்கிறது?" என்று கேட்டார் கலியமூர்த்தி.

நால்வரும் யோசித்தனர். எளிய கேள்வியன்று.

"பழைய படத்துல அய்யாக்கண்ணு ஐயா இருக்காரு" என்றார் பக்கிரிசாமி. "சம்பந்தி வீட்டுப் பெரியவர். காலமாயி ஏழு வருஷம் ஆச்சு. அவர் தலைமேல தனுஷ்கோடி ஏறி நிக்கிறது நல்லாவா இருக்கும்?"

"ஏற்கெனவே ரெண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை" என்றார் திருமேனி. "இந்த நேரத்துல மரியாதைக் குறைவா எதுவும் நடந்துடக் கூடாது. வயசுப்படி வைப்பா. பெரியவங்க மேலே, சின்னவர் கீழே."

உலகநாதன் அவ்வாறே பழைய படத்தை மேல் அடுக்கிலும், தனுஷ்கோடியைக் கீழ் அடுக்கிலும் வைத்தார். வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. நால்வரும் சுற்றி நின்று பார்த்தனர். எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஓர் ஒட்டுகூடத் தெரியவில்லை. திருமேனிக்குக் கண் கலங்கிவிட்டது.

புதன்கிழமை பொற்கொடி வந்தாள். திரையை வெகுநேரம் பார்த்தாள்.

"எங்கண்ணன் எங்கே?"

"அடியில இருக்காரும்மா" என்றார் உலகநாதன்.

"எதுக்கு அடியில?"

"மூத்தவங்களுக்கு மரியாதை குடுத்து."

"தெரியலையே."

"ஒட்டுத் தெரியக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. எங்கேயாவது தெரியுதா பாருங்க" என்றார் திருமேனி, அடக்கமாக.

பொற்கொடி கீழே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு, மிக மெதுவாக, சிறு குழந்தைக்குச் சோறூட்டுகிற குரலில் சொன்னாள்: "ஐயா. எங்கண்ணன் முகம் வெளியே தெரியணும். ஒட்டுதான் தெரியக் கூடாது. எனக்கு இன்னும் பத்திரிகை குடுக்கப் பன்னெண்டு வீடு பாக்கி இருக்கு. இனிமே என்னால வந்து பார்க்க முடியாது. உங்க கையிலதான் இருக்கு எம்பொண்ணு கல்யாணம்."

கலியமூர்த்தி நான்காவதாக 'முகம் தெரியணும்' என்று சுவரில் எழுதிக்கொண்டார்.

அன்று மாலையே தனுஷ்கோடி மேல் அடுக்குக்குக் கொண்டுவரப்பட்டார். வயலையும் வரப்பையும் உலகநாதன் நீக்கினார். பம்பை நீக்கப் போனபோது பக்கிரிசாமி அவர் கையைப் பிடித்தார்.

"பம்புமேல அவர் கை இருக்கு. பம்பை எடுத்தா கையும் போகும். முதல் வரியைப் பாருப்பா."

எல்லோரும் சுவரைப் பார்த்தனர். 'யாரையும் வெட்டிடாதீங்க.' பம்பு தங்கியது. பம்பு தங்கியதால் தண்ணீரும் தங்கியது. மணமகளின் காஞ்சிப் பட்டு நனைந்துவிடாமலிருக்க அவளை இரண்டு விரற்கடை தள்ளி வைத்தனர். அந்தக் கட்டைவிரல் மட்டும் அவர்களுக்குச் சற்று நேரம் தொல்லை கொடுத்தது. ஒரே ஆளுக்கு மூன்று கட்டைவிரல்கள் இருப்பது முறையா என்று கலியமூர்த்தி கேட்டார். 'யாரையும்' என்பதில் விரலும் அடங்கும் என்று திருமேனி தீர்ப்பளித்தார்.

வியாழக்கிழமை வேறொரு குறை தென்பட்டது. பழைய படம் வெளுத்துப் பழுப்பேறி இருந்தது. தனுஷ்கோடியோ பளபளவென்று இருந்தார்.

"ரெண்டாவது வரி" என்றார் கலியமூர்த்தி. "அன்னைக்கே நின்ன மாதிரி இருக்கணும். இவர் நேத்து வந்தவர் மாதிரில்ல இருக்காரு."

"மத்தவங்க இருபத்துமூணு வருஷமா வெளுத்திருக்காங்க. இவரை நாலு நாளைக்குள்ள வெளுக்க வைக்கணும்" என்றார் திருமேனி.

"துணி எப்படி வெளுக்குது?" என்றார் பக்கிரிசாமி.

அரைமணி நேரத்தில் கம்ப்யூட்டர் மொட்டைமாடிக்கு ஏறியது. நீளமான மின்கம்பி ஒன்றைப் படிக்கட்டு வழியாக இழுத்துச் சென்று, பாயை விரித்து, திரையைச் சூரியனைப் பார்க்கத் திருப்பி வைத்தனர். வடகம் காயவைப்பதுபோல் பக்கிரிசாமி கையில் குச்சியுடன் காக்கைக்குக் காவல் இருந்தார். வைகாசி வெயில் நன்றாகவே காய்ந்தது. நடுப்பகலில் திருமேனி மேலே வந்து குனிந்து பார்த்தபோது திரையில் எதுவுமே தெரியவில்லை.

"ரொம்ப வெளுத்துட்டாரு முதலாளி" என்றார் பக்கிரிசாமி, கவலையுடன்.

"மத்தவங்களும் இல்லையே."

"அவங்க ஏற்கெனவே வெளுத்தவங்க. தாங்கியிருக்க மாட்டாங்க."

பதறிப்போய் நால்வரும் அதை அறைக்குள் தூக்கி வந்தனர். நிழலில் வைத்ததும் ஒன்பது முகங்களும் மெல்லத் தெளிந்தன. தனுஷ்கோடி முன்னைப்போலவே பளபளத்தார்.

"நிழல் பட்டதும் தேறிட்டாரு. திடமான உடம்பு" என்றார் திருமேனி. வெள்ளிக்கிழமை காலைவரை அவருக்கு அந்த ஆறுதல் போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில்தான் உலகநாதன் அந்தப் பொத்தானைப் பற்றிச் சொன்னார். வேறு யாருக்கும் அது பெரிய செய்தியாகத் தோன்றியிராது.

"தப்பா ஏதாவது செஞ்சுட்டா இதை அமுக்கணும் முதலாளி. கடைசியாச் செஞ்சது இல்லாமப் போயிடும். இன்னொருவாட்டி அமுக்கினா அதுக்கு முந்தினதும் போயிடும்."

திருமேனி அந்தப் பொத்தானைப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். அவர் குரல் தாழ்ந்தது.

"எவ்வளவு தூரம் பின்னாடி போகும்?"

"அமுக்க அமுக்கப் போகும்."

"இருபத்துமூணு வருஷம்?"

முகூர்த்தக் காலையும், வரிசையில் நின்ற எட்டுப் பேரும், தம் கையில் இருந்த அந்த வெள்ளைக் குடையும் திருமேனியின் கண்முன் வந்தன. அந்தக் குடையை நீட்டாமல் இருந்திருந்தால் போதும். ஒரு பிள்ளைக்குத் தாய்மாமன் மடியில் காது குத்தியிருப்பார்கள்.

"நாளைக்கு ஒருவாட்டி வீதம் அமுக்கினா எத்தனை?" என்றார்.

பக்கிரிசாமி பெருக்கினார். "எட்டாயிரத்து முந்நூத்துத் தொண்ணூத்தஞ்சு."

"லீப் வருஷம்?" என்றார் கலியமூர்த்தி.

"அஞ்சு நாள் சேர்த்துக்க. எட்டாயிரத்து நானூறு." தொகை இப்படி முழுதாக வந்ததை நால்வரும் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டனர்.

முறைவைத்து அழுத்தினார்கள். பதினான்காவது அழுத்தலில் தனுஷ்கோடி பம்போடு மறைந்தார். பதினேழாவதில் கல்யாணப் படமே போய், திரை வெறுமையானது. கல்யாணத்துக்கு முந்தைய காலம் வந்துவிட்டது என்று கலியமூர்த்தி நினைத்தார்; எண்ணிக்கை இன்னும் முடியவில்லை என்று திருமேனி அவரை அடக்கினார். பிற்பகல் நான்கு மணிக்கு எட்டாயிரத்து நானூறாவது முறையைத் திருமேனியே தம் கையால் அழுத்தினார். பிறகு எழுந்துபோய் வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். எதிரில் கைபேசிக் கடை இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே சைக்கிள் கடை.

"ஒண்ணும் மாறலைப்பா."

உலகநாதன் நெடுநேரம் சிந்தித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். "இது கம்ப்யூட்டர்ல செஞ்ச தப்பைத்தான் எடுக்கும் முதலாளி. நீங்க அந்தத் தப்பைச் செஞ்சப்ப நம்மகிட்ட கம்ப்யூட்டர் இல்லையே."

"முன்னாடியே வாங்கியிருக்கணும்" என்றார் திருமேனி. அன்று அவர் டீ குடிக்கவில்லை.

சனிக்கிழமை அத்தனை வேலையையும் முதலிலிருந்து செய்தனர். தனுஷ்கோடி, பம்பு, தண்ணீர், இரண்டு விரற்கடை தள்ளிய மணமகள் என எல்லாம் அவரவர் இடத்துக்கு வந்து சேர்ந்தன. இப்போது முகம் தெரிந்தது. ஆனால் அவரைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்ததுபோல் ஒரு வெள்ளைக் கோடும் தெரிந்தது. ஒட்டு.

"ஒட்டை எப்படி மறைக்கணும்னு பாடத்துல சொல்லலையா?" என்றார் திருமேனி.

"அது ரெண்டாம் பாதியில வருது முதலாளி."

"பார்த்துடேன்."

"முதல் பாதியில சொன்னதை ரெண்டாம் பாதியில மாத்திச் சொல்லிட்டா, இதுவரை கத்துக்கிட்டது வீணாப் போயிடுமே."

அதுவும் நியாயமாகவே பட்டது. அப்போது பக்கிரிசாமி தம் தொழில் அனுபவத்திலிருந்து ஒரு வழி சொன்னார்.

"சட்டத்துல மூலை சரியா ஒட்டலைன்னா நான் என்ன செய்வேன்? மேல ஒரு பூவை ஒட்டிடுவேன். இங்கே கழுத்துலேர்ந்து இடுப்புவரைக்கும் ஒட்டுத் தெரியுது. ஒரு மாலை போட்டா மறைஞ்சிடும்."

மாலை தயாராக இருந்தது. இருபது ஆண்டுகளாகத் தயாராக இருந்த அந்தச் சந்தன மாலையை உலகநாதன் எடுத்துத் தனுஷ்கோடிக்குப் போட்டார். அச்சாகப் பொருந்தியது. எந்த முகத்தையும் அந்த மாலை கம்பீரமாக்கிவிடும் என்பதை அவர்கள் தொழிலில் பலமுறை கண்டவர்கள்.

"அவருக்கு மட்டும் போட்டா?" என்றார் கலியமூர்த்தி. "மத்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா? ஒருத்தரைத் தனியா வச்சதுலதானே இவ்வளவு வம்பும் வந்துச்சு."

திருமேனி திடுக்கிட்டார். கலியமூர்த்தியின் சந்தேகங்களிலேயே சிறந்தது இதுதான். மறுபடியும் அதே தவற்றைச் செய்ய இருந்தார். "எல்லாருக்கும் போடு. யாரும் யாருக்கும் குறைச்சல் இல்லை."

பொற்கொடிக்கும் மாப்பிள்ளைக்கும் ஏனைய ஐவருக்கும் மாலை விழுந்தது. அய்யாக்கண்ணுவின் முறை வந்தபோது பக்கிரிசாமி தடுத்தார்.

"ஐயாவுக்கு வேணாம். அவர் வீட்டுக் கூடத்துல பெரிய படம் இருக்கு. நான்தான் சட்டம் போட்டேன். அதுல ஏற்கெனவே மாலை போட்டிருக்காங்க."

"அப்ப ரெண்டாவது எதுக்கு" என்று எல்லோரும் ஒப்புக்கொண்டனர். தரையில் பம்பைச் சுற்றித் தெரிந்த ஒட்டை மறைக்கக் குத்துவிளக்கு ஒன்று முன்னால் வைக்கப்பட்டது. மேலே 'வருக வருக' என்று பெரிய எழுத்தில் இட்டனர். ஞாயிற்றுக்கிழமை பேனர் அச்சாகி வந்தது. பன்னிரண்டடி அகலம். ஒட்டு எங்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் நால்வரும் அதை மண்டப வாசலில் கட்டிவிட்டு, எதிரே டீக்கடை பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தனர். திருமேனியின் கையில் இருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. தனுஷ்கோடியின் வண்டி எட்டு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

முதலில் வெளியூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தனர். பேனரைப் பார்த்ததும் அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இது. பொற்கொடி போயிட்டாளா?"

"பொற்கொடி மட்டுமா? புருஷன், மாமியா, அண்ணங்காரன், எல்லாரும் போயிருக்காங்க."

"எப்படிங்க?"

கணவர் பேனரை நெருங்கி ஆராய்ந்தார். "தண்ணி போகுது பாரு. வெள்ளம்."

"அய்யாக்கண்ணு மாமாவுக்கு மட்டும் மாலை இல்லையே."

"அவருக்கு நீச்சல் தெரியும்."

"அவர்தான் ஏழு வருஷத்துக்கு முன்னாடியே காலமாயிட்டாரே. நாம வந்து சாப்பிட்டுட்டுப் போனோமே."

"தப்பா வந்து சாப்பிட்டிருப்போம். இவ்வளவு பெரிசா பேனர் அடிச்சு வச்சவங்களுக்குத் தெரியாதா?"

பின்னால் வந்த முதியவர் ஒருவர் கைத்தடியை ஊன்றி நின்று, மேலே இருந்த எழுத்துகளைப் படித்தார். "வருக வருகன்னு போட்டிருக்கு. போய்ச் சேர்ந்தவங்க கூப்பிடுறாங்க. போறதா, வேணாமா?" என்று பொதுவாகக் கேட்டார். யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

பிறகு மாப்பிள்ளை வீட்டார் பேருந்து வந்து நின்றது. அதிலிருந்த பெரியவர் இறங்காமலே பேனரைப் பார்த்தார். "எட்டுப் பேர் தீட்டு. தலை முழுகாம உள்ளே போகக் கூடாது" என்று அறிவித்தார். ஐம்பது பேரும் பட்டுப்புடைவையும் வேட்டியுமாக ஊர்க் குளத்தை நோக்கி நடந்தனர்.

"கூட்டம் நல்லாப் பார்க்குதுல்ல" என்றார் உலகநாதன். "எல்லாரும் நின்னு பார்த்துட்டுத்தான் போறாங்க."

திருமேனி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வேன் வந்து நின்றிருந்தது. அதிலிருந்து சீர்த்தட்டுகளுடன் நான்கு பெண்களும், அவர்களுக்குப் பின்னால் தோளில் துண்டுடன் தனுஷ்கோடியும் இறங்கினர். தலை நரைத்திருந்தது. அவர் தட்டுகளைத் தெருவிலேயே நிறுத்திவைத்தார். சொன்னபடி சாலையின் எதிர்ப்புறம் வந்து, டீக்கடைக்குப் பத்தடி தள்ளி நின்று, பேனரை அண்ணாந்து பார்த்தார்.

முதலில் இடது ஓரத்தைப் பார்த்தார். கட்டைவிரல் இருந்தது. அவர் முகம் இறுகியது. திருமேனி பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்தப் பார்வை நடுவே நகர்ந்தது. தங்கைக்குப் பக்கத்தில், ஒட்டுத் தெரியாமல், தனுஷ்கோடி நின்றுகொண்டிருந்தார். இறுகிய முகம் ஒரு கணம் இளகியது.

அதற்குப் பிறகுதான் அவர் தங்கையின் கழுத்தைப் பார்த்தார்.

துண்டு தோளிலிருந்து விழுந்தது. வந்த லாரியைக்கூடப் பார்க்காமல் சாலையைக் கடந்தார். செருப்பைக் கழற்றாமல் மண்டபப் படியேறினார். "கொடி, ஏ கொடி, அண்ணன் வந்துட்டேன் தாயீ" என்ற அவருடைய அழுகை நாயனத்தையும் மீறி உள்ளே போனது.

குங்குமத் தட்டுடன் எதிரே வந்த பொற்கொடி நின்றாள். தட்டு சாய்ந்தது.

"அண்ணே."

தனுஷ்கோடி அவளை மேலும் கீழும் பார்த்தார். தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"நீ இருக்கியா?"

"இருக்கேண்ணே."

"அப்ப நான்?"

"நீயும் இருக்கண்ணே."

அவள் அவர் மார்பில் முகம் புதைத்து அழுதாள். இருபத்துமூன்று ஆண்டுகளாக மிச்சம் வைத்திருந்த அழுகை. அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. சீர்த்தட்டுகள் யாரும் அழைக்காமலே உள்ளே வந்தன.

திருமேனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எதிரே நின்றார். அவருக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"தம்பி, ஒட்டு ஏதாவது தெரிஞ்சுதா?"

தனுஷ்கோடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "யோவ், என்னை உசுரோட சாகடிச்சிருக்கே. ஒட்டாம் ஒட்டு. எனக்கு என்னய்யா தெரிஞ்சுது."

"தெரியலையாம்பா" என்று திருமேனி பின்னால் திரும்பி மற்ற மூவருக்கும் சொன்னார். பக்கிரிசாமி கண்ணை மூடி மண்டபத்து விட்டத்தை நோக்கிக் கும்பிட்டார்.

தாய்மாமன் மாலை போட, இளவேனில் மணவறைக்கு வந்தாள். குளத்திலிருந்து திரும்பிய மாப்பிள்ளை வீட்டார் சொட்டச் சொட்ட அட்சதை போட்டனர். முதல் வரிசையில் அய்யாக்கண்ணுவுக்கென்று யாரோ ஒரு நாற்காலியைத் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். தாலி ஏறியது. இனி ஒரு வேலைதான் மிச்சம், குடும்பப் படம்.

மணமக்கள், பெற்றோர், நனைந்த சம்பந்திகள், துண்டு போட்ட நாற்காலி என்று எல்லாம் மேடையில் வரிசைக்கு வந்தன. பொற்கொடிக்குப் பக்கத்தில் தனுஷ்கோடி நின்றார். திருமேனி கேமராவை முக்காலியில் பொருத்திவிட்டு வெளிச்சக் குடையைக் கையில் எடுத்தார். யாரிடம் கொடுக்கலாம் என்று சுற்றிப் பார்த்தார். மேடையில் இருந்த அத்தனை பேரும் அந்தக் குடையைப் பார்த்தனர்.

திருமேனி குடையை மடக்கிக் கீழே வைத்தார்.

"இன்னைக்கு யாரும் குடை பிடிக்க வேணாம். கலியமூர்த்தி, நீயும் போய் நில்லு. உலகநாதா, பக்கிரி, நீங்களும்."

மூவரும் மேடையேறினர். திருமேனி கேமராவுக்குப் பின்னால் குனிந்தார். ஒற்றைக் கண்ணால் பார்த்தார். எட்டுப் பேரை நிறுத்தி, பன்னிரண்டு படம் எடுத்து, பிறகு ஒருவர் தம்மைத் தேடிய கதை அவருக்கு நினைவு வந்தது. நிமிர்ந்தார்.

"தம்பி, நான் இங்கே நின்னா நான் படத்துல இருக்க மாட்டேனே."

தனுஷ்கோடிக்கு அது உடனே புரிந்தது. அந்த மண்டபத்தில் அவருக்குப் புரிந்ததுபோல் வேறு யாருக்கும் புரிந்திருக்க முடியாது. "அந்த வலி எனக்குத் தெரியும். என் பகையாளிக்கும் வரக் கூடாது. வாங்க, எம் பக்கத்துல வந்து நில்லுங்க" என்று இடம் விட்டார்.

திருமேனி வந்து நின்றார். எல்லோரும் சிரித்தபடி கேமராவைப் பார்த்தனர்.

சமையல் மாஸ்டர் கரண்டியுடன் எட்டிப் பார்த்தார். "யாரும் இல்லையா? நான் வேணா வந்து அமுக்கட்டுமா?"

"அப்புறம் இருபத்துமூணு வருஷத்துக்கு நீங்க எங்ககூடப் பேச மாட்டீங்க. மேல வாங்க" என்றார் தனுஷ்கோடி. மாஸ்டர் கரண்டியுடன் மேடையேறினார். படம் எடுக்க உதவ வந்த நாயனக்காரரும் தவில்காரரும் ஏற்றிக்கொள்ளப்பட்டனர். ஐயர் ஏறினார். பந்திக்குக் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக, என்ன தாமதம் என்று பார்க்க வந்து, ஒவ்வொருவராக ஏறினர். மண்டபத்தில் எதிரே கேமராவைத் தவிர வேறு யாரும் இல்லை.

எல்லோரும் நின்றார்கள். உள்ளே இலை போட்ட பந்தியில் சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, உதடு அசையாமல், கலியமூர்த்திக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"முதலாளி, எடுத்தாச்சா?"

"பேசாதே" என்றார் திருமேனி, சிரிப்பு மாறாமல். "கலங்கிடும்."